8 யூரோவுக்கு நல்ல வைன் கிடைக்குமா?

வாசகர் கேள்விகள், திருகோணமலையிலிருந்து பதில்கள்

என் வேலைக்காலம் முழுக்கப் பயணிகள் கப்பலின் சாப்பாட்டறையில் வைன் பரிமாறியே போனது. இப்போது உப்புவெளியில் வீடு. சென்ற இதழில் வைன் பற்றி இரண்டு வரி எழுதியதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே கவலை: வெளிநாட்டில் கொஞ்சக் காசுக்கு நல்ல வைனை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தமுறை பக்கம் முழுவதும் அதற்கே. குடிக்காதவர்களைத் தொடங்கச் சொல்லி இதை எழுதவில்லை. வாங்குகிறவர்கள் உழைத்த காசு வீண்போகக்கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணை, பாரிசில் ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை செய்கிறேன். முதலாளி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு போத்தல் வைன் கொண்டுபோக வேண்டும். சூப்பர் மார்க்கட்டில் சுவர் முழுக்கப் போத்தல்கள். 8 யூரோவுக்கு மேல் கொடுக்க ஏலாது. எதைப் பார்த்து எடுப்பது? (லாச்சப்பல் பக்கமிருந்து ஒரு தம்பி)

பதில்: தம்பி, பிரான்சில் 8 யூரோவுக்குத் தாராளமாக நல்ல வைன் வாங்கலாம். அங்கே வைனுக்கு மதுவரி மிகக் குறைவு. நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு வைனுக்கே போகிறது. அந்தக் காசை ஒரு பெரிய பெயருக்குக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்பக்கத்து மாளிகைப் படத்தை விட்டுவிட்டு லேபலில் உள்ள சின்ன எழுத்தைத் தேடுங்கள். 'மிஸ் ஓன் புத்தேய்' என்று தொடங்கும் வரிக்குப் பிறகு 'ஓ தொமேன்', 'ஓ ஷத்தோ' அல்லது 'அ லா ப்ரொப்ரியெத்தே' என்று இருந்தால், திராட்சை விளைந்த தோட்டத்திலோ அந்த விவசாயிகளின் கூட்டுறவிலோ போத்தலில் அடைத்த வைன் என்று அர்த்தம். அடுத்ததாகக் கழுத்து மூடியின் தலையைப் பாருங்கள். பல போத்தல்களில் ஒரு பெண்ணின் தலை அச்சாகியிருக்கும். அது பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான், வரி கட்டியதற்கான முத்திரை. பக்கத்தில் 'ஆர்' எழுத்து இருந்தால் திராட்சை வளர்த்தவரே அடைத்தது, 'என்' இருந்தால் மொத்த வியாபாரி வாங்கி அடைத்தது. வியாபாரிகளிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் தெரியாத கடையில் தெரியாத போத்தல் என்றால் நான் 'ஆர்' பக்கம்தான் சாய்வேன்.

'க்ரான் வான்', 'வியேய் வீன்' போன்ற சொற்களுக்காக ஒரு சதம்கூடக் கூடக் கொடுக்காதீர்கள். முதலாவது பெரிய வைனாம், இரண்டாவது பழைய கொடிகளாம். எது பெரியது, எத்தனை வயதுக் கொடி பழையது என்று சட்டம் எதையும் வரையறுக்கவில்லை. தங்கப் பதக்க ஸ்ரிக்கர்களிலும் பலவகை உண்டு. 1870இல் தொடங்கிய பாரிஸ் விவசாயப் போட்டியின் பதக்கத்தை நான் மதிக்கிறேன். அதிலும் லேபலில் உள்ள விளைச்சல் வருஷத்துக்குத்தான் அந்தப் பதக்கம் கிடைத்ததா என்று பாருங்கள்.

எந்த ஊர் வைன் என்று கேட்டால், 8 யூரோவுக்குப் பூர்கோஞ் பக்கமே போகவேண்டாம். ஷத்தோநெஃப் து பாப் என்ற பெரிய பெயருக்குக் கொடுக்கும் விலையில் சின்னப் பங்குக்கு, அதற்கு அக்கம்பக்கத்தில் அதே கிரெனாஷ், சிரா திராட்சைகளில் செய்த 'கோத் து ரோன் வில்லாஜ்' வாங்கலாம். தெற்கே கொர்பியேர், மினெர்வுவா இரண்டும் உழைப்பாளிகளின் நாட்டு வைன், விலையும் நியாயம். மீன் சமைக்கிறார்கள் என்றால் 'முஸ்காதே' என்ற வெள்ளை வைன், அதிலும் 'சூர் லீ', அதாவது ஈஸ்ட் வண்டலோடு கிடந்தது, என்று எழுதியிருப்பதை எடுங்கள். கொண்டாட்டமாக நுரைக்கும் வைன்தான் வேண்டுமென்றால் ஆக மலிவான ஷம்பேனைத் தூக்காதீர்கள். 'கிரெமான்' என்று கேளுங்கள். லிமு, அல்சாஸ், லுவார் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஷம்பேனைப் போலவே போத்தலுக்குள் இரண்டாம் முறை புளிக்க வைத்து, ஆகக் குறைந்தது 9 மாதம் ஈஸ்ட் வண்டலோடு கிடத்தித்தான் வெளியே விடவேண்டும் என்பது அதன் சட்டம். செப்டெம்பரில் சூப்பர் மார்க்கட்டுகள் 'ஃபுவார் ஓ வான்' என்று வைன் சந்தை போடும். வருஷம் முழுவதற்கும் வாங்க அதுதான் நேரம்.

இன்னொன்று. முதலாளி உங்கள் போத்தலை வாங்கி அப்படியே உள்ளே வைத்துவிட்டால் மனம் நோகாதீர்கள். சாப்பாட்டுக்குப் பொருத்தமான வைனை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது அங்கே வீட்டுக்காரரின் வழக்கம்.

கேள்வி: வைன் எடுத்தால் எங்கள் சாப்பாட்டோடு ஒத்துவருவதே இல்லை. நண்டுக்கறியோடு சிவப்பு வைன் குடித்தேன், வாய் எரிந்தது. ஜெர்மனியில் என்ன வாங்கலாம்? (டோர்ட்முண்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, நீங்கள் உலகத்திலேயே சரியான நாட்டில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்.

சிவப்பு வைனில் திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்பு இருக்கிறது. மிளகாய் உறைப்பும் அந்தத் துவர்ப்பும் 14 சதவீத ஆல்கஹோலும் ஒரே நேரத்தில் நாக்கில் பட்டால் எரிவு கூடத்தான் செய்யும். உறைப்பை அடக்குவது இனிப்பும் புளிப்பும் குளிரும். மூன்றும் சேர்ந்த வைன் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங்.

போத்தலில் ஆல்கஹோல் அளவைப் பாருங்கள். புளிக்கும்போது சர்க்கரைதான் ஆல்கஹோலாக மாறுகிறது. ரீஸ்லிங் போத்தலில் 8 அல்லது 9 சதவீதம் என்று இருந்தால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது, இனிப்பாக இருக்கும். 12, 12.5 என்றால் முழுதும் புளித்துவிட்டது. 'ட்ரொக்கன்' என்ற சொல்லும் அதைத்தான் சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது 'கபினெட்' என்ற லேசான வகை, அதுவும் 'ட்ரொக்கன்' என்று எழுதாதது. இடைநடுவே வேண்டுமென்றால் 'ஹால்ப்ட்ரொக்கன்' அல்லது 'ஃபைன்ஹெர்ப்'. 7, 8 யூரோவுக்கு அருமையானது கிடைக்கும். வெளிநாட்டில் பழைய பாணி என்று ஒதுக்கிவிட்டதால் இதன் விலை இன்னும் ஏறவில்லை.

போன மாதம் கொட்டியாரக்குடா நண்டு வாங்கி, முருங்கை இலை போட்டு, தேங்காய்ப்பால் கொஞ்சம் தூக்கலாக விட்டுக் கறி வைத்தோம். மருமகள் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த கபினெட் ஒன்றைப் பிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்துத் திறந்தேன். நண்டுக் காலை உடைத்துச் சதையை உறிஞ்சியதும் உதடு எரியும் அல்லவா, அந்த நேரத்தில் ஒரு வாய். எரிவு அடங்கியது. நண்டுச் சதையின் இனிப்பும் கறுவா வாசமும் நாக்கில் திரும்ப வந்தன. விரல் முழுக்கக் கறி, கிளாஸின் காம்பும் மஞ்சளாகிவிட்டது. வைன் கிளாஸுக்குக் காம்பு வைத்தது கையின் சூடு வைனில் ஏறாமல் இருக்க, ஆகையால் கறிக்கையாக இருந்தாலும் காம்பிலேயே பிடியுங்கள்.

சிவப்புத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆள் வீட்டில் இருந்தால் துவர்ப்புக் குறைந்த பொஜொலே மாதிரி ஒன்றை அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: நான் கிழக்கு லண்டனில் ஓஃப் லைசென்ஸ் கடையில் நிற்கிறேன். 6 பவுண் வைனுக்கும் 9 பவுண் வைனுக்கும் உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா? வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்ல? (ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு மருமகன்)

பதில்: கணக்குப் போட்டுக் காட்டுங்கள் மருமகன். 6 பவுண் போத்தலில் 1 பவுண் வற் வரி. மதுவரி 2023 ஆகஸ்ட்டில் சாதாரணப் போத்தல் ஒன்றுக்கு 2.67 பவுணாக ஏறியது. 2025 பெப்ரவரியிலிருந்து ஆல்கஹோல் அளவுக்கு ஏற்ப மாறுகிறது, 13 சதவீத வைனுக்கு அதையும் விடக் கூட. லேசுக்காக 2.67 என்றே வைப்போம். மிச்சம் 2.33 பவுண். கண்ணாடிப் போத்தல், மூடி, லேபல், கப்பல் கூலி, இறக்குமதிக்காரர் லாபம், உங்கள் முதலாளியின் லாபம் எல்லாம் அதற்குள். திராட்சைக்கு என்ன மிஞ்சும்?

9 பவுண் போத்தலில் வற் 1.50. மதுவரி அதே 2.67. மிச்சம் 4.83. விலை ஒன்றரை மடங்கு, வரி போக மிஞ்சும் காசு இரண்டு மடங்குக்கு மேல். வாடிக்கையாளர் வாரம் இரண்டு போத்தல் வாங்குகிறார் என்றால் ஒன்றாகக் குறைத்து நல்லதை வாங்கச் சொல்லுங்கள். உங்கள் கடைக்கு அன்றைக்கு வரவு குறையலாம், ஆனால் அந்த மனிதர் திரும்பவும் உங்களிடமே வருவார்.

எதைக் காட்டலாம் என்றால், ஸ்பெயினில் கலத்தாயுத், காம்போ தே போர்கா பக்கத்துக் கார்னாச்சா சிவப்பு. போர்த்துக்கலில் டாவோ, அலென்தேஜோ. தென்னாபிரிக்காவின் செனின் பிளாங் வெள்ளை, எங்கள் கோழிக்கறிக்கும் ஒத்துவரும். ரியோகா சிவப்பில் 'ரிசேர்வா' என்று இருந்தால் அது சட்டப்படி 3 வருஷம் முதிர்ந்தது, அதில் குறைந்தது 1 வருஷம் ஓக் பீப்பாயில். அவுஸ்திரேலிய, கலிபோர்னியப் போத்தல்களில் 'ரிசேர்வ்' என்று இருப்பதற்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. யாரும் எழுதிக்கொள்ளலாம்.

கடையில் நிற்கிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். வெயில் படும் கண்ணாடிப் பக்கம் வைனை அடுக்காதீர்கள். குளிர்பெட்டி மோட்டருக்கு மேலேயுள்ள தட்டு அதைவிடக் கேடு. அங்கே ஒரு கோடைகாலம் நின்ற போத்தல் எத்தனை பவுணாக இருந்தாலும் செத்த வைன்.

கேள்வி: குவைத்தில் வேலை. இங்கே மது தடை. ஜூஸில் ஈஸ்ட் போட்டு அறைக்குள்ளேயே வைன் செய்யலாம் என்று அறையில் கூட இருக்கும் ஆட்கள் சொல்கிறார்கள். செய்முறை தருவீர்களா? (கிண்ணியாப் பக்கத்து இளைஞர்)

பதில்: தரமாட்டேன், ராசா. பிடிபட்டால் சிறை, அதன்பிறகு நாடுகடத்தல். உங்களை நம்பி எடுத்த கடன் இங்கே உங்கள் அம்மாவின் தலையில் விழும். செய்முறையை விட்டாலும், வெளியில் விற்கும் கள்ளச்சாராயத்தைத் தொடவே தொடாதீர்கள். 2025 ஆகஸ்ட்டில் குவைத்தில் மெதனோல் கலந்த சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். பலருக்குக் கண் போனது. அவர்களில் பெரும்பாலானோர் உங்களைப்போல ஆசியாவிலிருந்து உழைக்கப் போனவர்கள். லீவில் வரும்போது என் வீட்டுக்கு வாருங்கள்.

கேள்வி: நான் மச்சம் தொடமாட்டேன். வைனில் மீன் சேர்க்கிறார்கள் என்று மகள் சொல்கிறாள். உண்மையா? (ஸ்காபரோவிலிருந்து ஓர் அம்மா)

பதில்: மகள் சொல்வது சரி, அக்கா. எல்லா வைனிலும் இல்லை. புதிய வைன் கலங்கலாக இருக்கும். அதைத் தெளியவைக்கச் சிலர் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பசையைப் போடுவார்கள். சிலர் முட்டை வெள்ளைக்கரு, சிலர் பால் புரதம், சிலர் எலும்பில் எடுக்கும் ஜெலற்றின். கலங்கலோடு சேர்ந்து அது அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை எடுத்துப் போத்தலில் அடைப்பார்கள். வைனில் மிஞ்சுவது ஏதும் இருந்தால் மிகச் சொற்பம். ஆனால் தொட்ட பாத்திரமே ஆகாது என்று இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சமாதானம் போதாது என்று எனக்குத் தெரியும். பென்ரனைட் என்ற களிமண்ணால் தெளியவைக்கும் தோட்டங்களும் நிறைய இருக்கின்றன. போத்தலில் 'வீகன்' குறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எல்சிபிஓ என்ற ஒன்ராறியோ அரசாங்க மதுக்கடைப் பணியாளரைக் கேளுங்கள்.

அங்கேயே 'விகியூஏ' எழுத்துள்ள ஒன்ராறியோ வைனைப் பாருங்கள். முழுக்க ஒன்ராறியோத் திராட்சையில் செய்தது என்பதற்கு அந்த எழுத்துத்தான் உறுதி. அது இல்லாமல், வெளிநாட்டு வைனையும் உள்நாட்டு வைனையும் கலந்தது என்று சின்ன எழுத்தில் இருக்கும் போத்தல்களும் பக்கத்திலேயே நிற்கும். நயாகரா ரீஸ்லிங் உங்கள் கத்தரிக்காய்ப் பால்கறிக்குச் சேரும்.

கேள்வி: நோர்வேயில் வைன் என்றாலே யானை விலை. மலிவானதைத் தேடித்தேடி வாங்கியும் திருப்தியில்லை. (ஒஸ்லோ வாசகர்)

பதில்: மலிவானதைத் தேடுவதுதான் அங்கே நட்டம். 4.7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹோல் உள்ள எதையும் கடைகளில் விற்கக்கூடியது அரசாங்கம் 1922இல் தொடங்கிய வின்மொனொப்போலே மட்டும்தான். மதுவரி விலையைப் பார்த்து அல்ல, ஆல்கஹோல் அளவைப் பார்த்து விழுகிறது. லண்டன் மருமகனுக்குப் போட்ட கணக்கு அங்கே இன்னும் கடுமை. ஆக மலிவான போத்தலில் நீங்கள் குடிப்பது பெரும்பாலும் வரி. ஒரு படி மேலே போனால் கூடக் கொடுத்த காசு வைனுக்கே போகும். நல்ல வைன்கள் சில, மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் நோர்வேயில் ஆச்சரியமான நியாய விலையில் இருக்கும்.

வீட்டில் தினம் ஒரு கிளாஸ்தான் என்றால் 3 லீற்றர் பெட்டி வைன் வாங்குங்கள். உள்ளே பை சுருங்கிக்கொண்டு போவதால் காற்றுப் படாது, திறந்து நாலைந்து கிழமை கெடாது. அங்கே பெட்டி வைனை யாரும் குறைவாக நினைப்பதில்லை. கடை சனிக்கிழமை வெள்ளெனப் பூட்டும், ஞாயிறு திறக்காது, விருந்து என்றால் வெள்ளியே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: சுவிசிலிருந்து காரில் இத்தாலி, ஸ்பெயின் போகிறோம். சாப்பாட்டுக்கடையில் வைன் லிஸ்ட் தந்தால் என்ன செய்வது? (பேர்ண்)

பதில்: லிஸ்ட்டைத் திறக்காமலே கேட்கலாம். சுவிசில் டெசி (லீற்றரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கில் மூன்று டெசி, ஐந்து டெசி என்று கேட்பது உங்களுக்குத் தெரியும். இத்தாலியில் 'வினோ தெல்லா காசா', வீட்டு வைன், கால் லீற்றர் அல்லது அரை லீற்றர் கூஜாவில் வரும். உள்ளூர்க்காரர் சாப்பிடும் கடையாக இருந்தால் அந்த ஊர் வைன்தான் அது, பயமில்லாமல் வாங்குங்கள். ஸ்பெயினில் வேலைநாள் மத்தியானத்தில் 'மெனு தெல் தியா' கேளுங்கள். பெரும்பாலும் சாப்பாட்டு விலையிலேயே ஒரு பானமும் அடங்கும், வைனும் எடுக்கலாம். மூன்று நாட்டிலும் சாதாரணச் சாரதிக்கு ஒரு லீற்றர் இரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹோல்தான் எல்லை, புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு இன்னும் இறுக்கம். கார் ஓட்டுகிறவர் அன்றைக்குத் தண்ணீர் குடிக்கட்டும்.

கேள்வி: சிவப்பு வைன் இருதயத்துக்கு நல்லது என்று மகன் லண்டனிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. தினம் குடிக்கலாமா? (சாம்பல்தீவிலிருந்து ஓர் ஐயா)

பதில்: மருந்தாக நினைத்துக் குடிக்கவேண்டாம், ஐயா. மதுவில் உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. சீனிக்குக் குளிசை எடுக்கிறவருக்கு மது சேர்ந்தால் சீனி திடீரென்று இறங்கவும் கூடும். உங்கள் டொக்டரைக் கேட்காமல் ஒரு வாயும் வேண்டாம். அந்தப் போத்தல் இல்லாமலும் மகனின் அன்பு இருக்கிறது.

கேள்வி: நிலாவெளியில் லைசென்ஸோடு சின்ன ஹோட்டல் நடத்துகிறேன். சீசனில் வெள்ளைக்காரர் வைனைத் திருப்பி அனுப்புகிறார்கள். நல்ல விலை கொடுத்துத்தான் வாங்குகிறேன். பிழை எங்கே?

பதில்: இரண்டு இடத்தில் பார்க்கவேண்டும். ஒன்று உங்கள் ஸ்ரோர் அறை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே போத்தல்கள் வேகின்றன. திருப்பி அனுப்பிய போத்தலின் தக்கையைப் பாருங்கள். கழுத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தாலும், மூடிக்குள் பிசுபிசுப்பாக வைன் வடிந்திருந்தாலும் அது வெக்கை பட்டது. மணந்தால் அவித்த பழம், ஜாம் மாதிரி இருக்கும். இரண்டாவது தக்கையின் நோய். கிளாஸில் ஊற்றி மூக்கருகே பிடித்தால் மாரி மழையில் ஊறிய மட்டைப்பெட்டி மணம். பழ வாசமே வராது. அது கடைக்காரர் பிழையும் இல்லை, உங்கள் பிழையும் இல்லை. தக்கையில் உண்டாகும் ஒரு இரசாயனம். அப்படி வந்தால் வாதாடாமல் வேறு போத்தல் திறந்து கொடுங்கள். கெட்டதை ஊற்றாமல் தக்கையோடு வைத்து, வாங்கிய இடத்தில் காட்டி மாற்றிக் கேளுங்கள்.

இங்கத்தைய வெயிலுக்குத் திருகுமூடிப் போத்தலே நல்லது. திருகுமூடி என்றால் மலிவு வைன் என்று நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் கிளெயர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்காரர்கள் தக்கை நோயால் சலித்துத் தங்கள் நல்ல வைன்களையே அதற்கு மாற்றினார்கள். ஒரு சீசனுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி அடுக்காமல் கிழமைக் கணக்கில் வாங்குங்கள். பாரமான சிவப்புகளைக் குறைத்து வெள்ளையும் இளஞ்சிவப்பு ரோசேயும் கூட வையுங்கள். கடற்கரையில் பாரை மீன் பொரியலும் கணவாயும் கேட்பவர்கள் அதைத்தான் குடிப்பார்கள். சிவப்பு வைனையும் 'அறை வெப்பம்' என்று மேசையில் வைக்கவேண்டாம். அந்தக் கணக்கு ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளுக்கு, 18 பாகைக்குள். உங்கள் சாப்பாட்டறை 32 பாகை. பரிமாற அரை மணித்தியாலம் முன்பு பிரிட்ஜில் வைத்து எடுங்கள். கிளாஸ் கணக்கில் விற்று மிஞ்சியதையும் மூடிப் பிரிட்ஜிலேயே வைத்து, மூன்றாம் நாள் குசினிக்குக் கொடுத்துவிடுங்கள்.